பழைய பிளேயர் பியானோவும் வஜ்ஜிரப் பசையும்

நேயர்களுக்கு வணக்கம். காகிதச் சுருளை மாட்டிப் பெடலை மிதித்தால் கட்டைகள் தாமாகவே இறங்கி ஏறுமே, அந்தப் பிளேயர் பியானோவைப் பற்றித்தான் பேச்சு. பல காலம் மூலையில் கிடந்து ஊமையாகிவிட்ட ஒன்றை எப்படி மறுபடி வாசிக்க வைப்பது?

ஆர்மோனியத் துருத்தி காற்றைத் தள்ளும். இது நேர்மாறு. மிதிக்க மிதிக்க உள்ளே இருக்கும் காற்று உறிஞ்சப்படுகிறது. சுருளின் துளை பித்தளைச் சட்டத்தின் துளைக்கு நேரே வந்ததும், வெளிக்காற்று ஒரு மெல்லிய குழாய் வழியே இறங்கி ஒரு தோல் சவ்வைத் தூக்கும். சவ்வு வால்வைத் தூக்கும். உடனே ஒரு சிறு துருத்தி சுருங்கி, சுத்தியலைத் தந்தியில் அடிக்க வைக்கும். 88 கட்டைக்கும் தனித்தனியே துருத்தி, வால்வு, குழாய். ஆகவே இதற்கு வரும் நோய் பெரும்பாலும் ஒன்றே: கசிவு. இதை மறக்கவே வேண்டாம், கசிவு.

ஆனாலும் முதலில் பியானோவைப் பாருங்கள். தந்திகளை முறுக்கிப் பிடிக்கும் சுருதி முளைகள் தளர்ந்திருந்தாலோ, இரும்புச் சட்டம் விரிசல் விட்டிருந்தாலோ, காற்று வேலைக்குச் செலவிடுவது வீண்.

பிறகு கழற்றுங்கள். ஒவ்வொரு குழாய்க்கும் எண் எழுதிய சீட்டு கட்டுங்கள். பழைய ரப்பர் குழாய் இறுகி, தொட்டாலே உதிரும். அந்தத் தூள் வால்வுக்குள் விழாமல் பாருங்கள். சில கருவிகளில் ஈயக் குழாய் இருக்கும். அதில் படிந்த வெண்பொடி நஞ்சு. முகமூடி, கையுறை கட்டாயம். ஊதித் துடைக்கவே கூடாது.

இனி என் மனதுக்கு நெருக்கமான விஷயம், பசை. துருத்திக்குப் புதுத் துணி ஒட்டத் தச்சர்கள் வைத்திருந்த வஜ்ஜிரமே, அதாவது விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசையே, போதும். குருணையைத் தண்ணீரில் ஊறவைத்து, 60 முதல் 65 டிகிரி சூட்டில் உருக்குங்கள். கொதிக்கவிட்டால் பிடிமானம் போய்விடும். அவசரத்துக்கு வெள்ளைப் பசை பூசுகிறவர்கள் உண்டு. அது மரத்துக்குள் ஊறிவிடும். பின்னால் வருகிறவர் பிரிக்கும்போது பலகை பிய்ந்து வரும். அந்தப் படிவின் மேல் வேறு பசையும் சரியாகப் பிடிக்காது. வஜ்ஜிரமோ சூடும் ஈரமும் பட்டால் இளகிவிடும். துணியும் தோலும் என்றாவது தேயத்தான் போகின்றன. மறுபடி திறக்க முடியாதபடி ஒட்டுவது பழுதுபார்ப்பது ஆகாது, மூடி முத்திரை வைப்பதுதான்!

சிறு துருத்திக்கு ரப்பர் பூசிய மெல்லிய பருத்தித் துணியே வேண்டும். தடித்த துணி போட்டால் வேகமான ஸ்வரங்கள் தடுமாறும். துருத்தியின் இரு பலகைகள் எவ்வளவு விரியும் என்பதைப் பழைய துணியைக் கிழிக்குமுன் அளந்துகொள்ளுங்கள். ஒட்டி உலர்ந்ததும், துருத்தியைச் சுருக்கித் துளையை விரலால் மூடிவிட்டு விரிக்கப் பாருங்கள். விரிய மறுத்தால் சரி. தோல் சவ்வை இழுத்து ஒட்டாதீர்கள். லேசான குழிவு இருந்தால்தான் வால்வு முழுதாக எழும். பெடல் இயக்கும் பெரிய துருத்திகளைத் திறந்திருக்கும்போதே உள்ளே உள்ள தோல் மடல்களையும் மாற்றிவிடுங்கள். மூடியபின் கை போகாது.

பூட்டி மிதித்துப் பார்க்கும்போது ஒரு கட்டை ஓயாமல் ஒலித்தால், அதன் குழாயில் கிழிசல் அல்லது இணைப்பில் கசிவு. ஊமையாக இருந்தால் பித்தளைத் துளையில் தூசி, அல்லது சவ்வில் ஓட்டை. அடித்தபின் மீளத் தாமதித்தால், வால்வுக்கு அருகில் காற்று வடியும் ஊசித்துளை அடைபட்டிருக்கலாம்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். சுருளை இழுக்கும் காற்று மோட்டாரைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாக: சறுக்கு வால்வுகளுக்கு எண்ணெய் வேண்டாம், கிராஃபைட் தூள் தேய்த்தால் போதும். வேகம் காட்டும் முள்ளை 70-இல் வைத்தால் காகிதம் நிமிடத்துக்கு 7 அடி நகர வேண்டும். கடிகாரத்தை வைத்துப் பார்த்துத் திருத்துங்கள். வணக்கம்.