என் நாய் சுறா 1 கிலோ 300 கிராம் ஏறிட்டான்!

வணக்கம் மக்களே! கச்சான் காத்து மைக்குல அடிக்கும், கொஞ்சம் பொறுத்துக்கங்க. வீட்டுக்குப் போய்ச் சொல்ற வரைக்கும் எனக்குப் பொறுமை இல்லை. இப்பத்தான் எடை போட்டுட்டு வர்றோம். 14 கிலோ 900! அஞ்சு வாரத்துக்கு முன்னாடி மாட்டாஸ்பத்திரியில போட்டப்ப 13 கிலோ 600. சுறா, இங்க வா, முகத்தைக் காட்டு. எங்க வர்றான், அங்கிட்டு நண்டு ஓடுது, அது பின்னாடி போயிட்டான்.

எடை போட்ட கதையைச் சொல்லியே ஆகணும். நம்ம வீட்டு மிஷின்ல அவனைத் தூக்கிட்டு நான் ஏறி, அப்புறம் என் எடையைக் கழிச்சுப் பார்த்தேனே, ஞாபகம் இருக்கா? அது உப்புக்காத்துல துருப்பிடிச்சு, ஏறுற தடவையெல்லாம் ஒவ்வொரு எடை காட்டுது. அதனால இன்னைக்குப் பாம்பன் தெற்குவாடிக்கே போயி, மீன் நிறுக்குற தராசுல நிறுத்தினேன். நிக்கவே மாட்டேங்கறான். நாலு காலும் நாலு பக்கம் போகுது. தராசுக்கார அண்ணன் ஒரு மீன் பெட்டியை எடுத்து வச்சு, "இதுக்குள்ள இறக்கு தங்கச்சி"ன்னாரு. இறக்கினேன். பெட்டி மூலையில சூடை மீன் செதில் ஒட்டியிருந்துச்சு, அதை நக்க ஆரம்பிச்சவன் அசையவே இல்ல. நம்பர் நின்னுச்சு. 16 கிலோ 750! நான் கத்திட்டேன். அண்ணன் மெதுவா, "பெட்டி 1 கிலோ 850, அதைக் கழிக்கணும்மா"ங்கறாரு. கழிச்சா 14 கிலோ 900. மூணு தடவை இறக்கி ஏத்திப் போட்டோம், மூணு தடவையும் அதே 900. அண்ணே, உங்களுக்கு ரொம்ப நன்றி.

புதுசா பார்க்கறவங்களுக்கு: சுறா, கன்னிங்கற நாட்டு நாய், 11 மாசம். முயல் விரட்டுற சாதி, உடம்பு ஒல்லியாத்தான் இருக்கும். கடைசி ரெண்டு மூணு விலா லேசாத் தெரிஞ்சா அது குறையே இல்லை. இவனுக்கு எல்லா விலாவும் தெரிஞ்சது, முதுகெலும்பு முடிச்சு முடிச்சாத் துருத்திட்டு இருந்துச்சு. கையை முஷ்டியா மூடி, விரல் முட்டியைத் தடவிப் பாருங்க. விலா அப்படித் தட்டுப்பட்டா இளைச்சுக் கிடக்குன்னு அர்த்தம். விரலை நீட்டிப் புறங்கையைத் தடவுங்க, எலும்பு தெரியும், மேல மெல்லிசாச் சதை மூடியிருக்கும். அந்த அளவு போதும். கொழுகொழுன்னு ஆக்கணும்னு எனக்கு ஆசையே கிடையாது.

குழாயடியில ஒரு அத்தை, "பிள்ளைக்குச் சோறு போடுறியா இல்லையா?"ன்னு கேட்டாங்க. எனக்குச் சுர்ருன்னு ஏறிருச்சு. சோத்தைக் குவிச்சுக் குவிச்சுத்தானே வச்சேன்! அங்கதான் தப்பே. 100 கிராம் சோத்துல 130 கலோரி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலயே 120 வந்துரும். குந்துக்கால் கடற்கரை வரைக்கும் ஓடிட்டு வர்ற நாய்க்கு, வயிறு சோத்துல ரொம்பிருச்சுன்னா வேற எதுக்கும் இடமில்லை.

இப்போ மூணு வேளை, வேளைக்குக் கொஞ்சம். சோறு பாதியாக் குறைஞ்சுருச்சு. அவிச்ச முட்டை ரெண்டு, கொஞ்சம் தயிர், மீதி சூடை மீன்தான். மீன்பிடித் தடைக்காலம் அந்த 61 நாளும் கிலோ 140ன்னு சொன்னாங்க, வயிறு எரிஞ்சது. இன்னைக்கு 60க்கு வாங்கினேன்! தலையையும் குடலையும் எடுத்துட்டு, உப்பு, மிளகாய் எதுவும் போடாம, குக்கர்ல வேக விடுவேன். நடுமுள்ளை ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு அமுக்கினா மாவாக் கரையணும். கரையலைன்னா இன்னும் நாலு விசில். பெரிய மீன் முள்ளும், வேக வச்ச கோழி எலும்பும் வேணவே வேணாம். பச்சை மீனும் வேணாம். சூடை, நெத்திலியில இருக்கற ஒரு நொதி பி1 வைட்டமினை அழிச்சுரும், வேக வச்சா அந்தத் தொல்லை இல்லை.

சாப்பாட்டுல சேர்க்குற எண்ணெயை ஒரேயடியா ஊத்திறாதீங்க. முதல்ல அரை டீஸ்பூன், அப்புறம் நாள் பார்த்துக் கூட்டணும். நான் ரெண்டாவது நாளே அவசரப்பட்டுக் கூட்டிட்டேன், வயித்தால போயிருச்சு. ரொம்ப அதிகமாப் போனா கணையமே வீங்கிரும்.

ஐயோ, முக்கியமானதை விட்டுட்டேன்! இது எல்லாத்துக்கும் முன்னாடி பூச்சி மருந்து. இவனுக்கு ஈறு வெளுத்துக் கிடந்துச்சு. டாக்டர் மலத்தைச் சோதிச்சுட்டு, கொக்கிப்புழுன்னாரு. அது குடல்ல ஒட்டிக்கிட்டு ரத்தத்தைக் குடிக்கும், நாம எவ்வளவு கொட்டினாலும் உடம்புல ஒட்டாது. மாத்திரை அளவு எடைக்குத் தகுந்த மாதிரி, அதனாலதான் அன்னைக்கு அங்க எடை போட்டாங்க. உங்க நாய் நல்லாத் தின்னும் இளைக்குதுன்னா முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க. உண்ணிக் காய்ச்சல்லயும் இப்படி இளைக்கும்.

அம்மாகிட்ட மட்டும் இன்னும் சண்டை ஓயல. மிச்ச மீன்குழம்பைச் சோத்துல பிசைஞ்சு, "அதுவும் ஒரு உசுருதானடி"ன்னு வச்சுருவாங்க. அம்மா, உசுருங்கறதாலதாம்மா சொல்றேன்! வெங்காயமும் பூண்டும் நாயோட ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். ஏற்கெனவே புழு குடிச்ச ரத்தம். கருவாட்டையும் நிறுத்தச் சொல்லிட்டேன், அம்புட்டும் உப்பு.

ஓட்டத்தைக் குறைக்கச் சொல்லிச் சிலபேர் கேட்டீங்க. குறைக்க மாட்டேன். புதுப் பாலத்துல ரயில் போகறப்ப கரையோரமா அது கூடவே ஓடுவான் பாருங்க, அந்தச் சந்தோஷத்தை எப்படிப் பிடுங்குறது? ஓடிட்டு வந்தா ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் சாப்பாடு, சாப்பிட்டாலும் உடனே ஓட விடுறதில்லை. இந்த மாதிரி நெஞ்சு ஆழமான நாய்க்கு வயிறு உப்பி முறுக்கிக்கும், உசுருக்கே ஆபத்து.

அடுத்து 16 கிலோ வரைக்கும்... சுறா! என்ன அது வாயில? வலையிலேர்ந்து தூக்கிப் போட்ட பேத்தை மீனு! விஷம்டா அது! போடு! கீழ போடு! ...போட்டுட்டான், முழுசாத்தான் இருக்கு, கடிக்கல. மக்களே, நான் இவன் வாயைக் கழுவணும், வர்றேன்.