லேபிளை மூடியில் அல்ல, டப்பாவில் ஒட்டுங்கள்

(காட்சி: முதியோர் இல்லச் சமையலறை. பிரிட்ஜ் கதவு திறக்கிறது.)

வணக்கம். கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் சமைத்த அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். இரவுக் கடமைக்கு வந்தவர் பிரிட்ஜைத் திறக்கிறார். உள்ளே மூன்று ஐஸ்கிரீம் டப்பா. ஒன்றிலும் ஐஸ்கிரீம் இல்லை. எது இன்றைய சொதி, எது முந்தாநாள் பருப்பு? மணந்து பார்க்கிறார்.

மணத்தை நம்ப வேண்டாம். நோய் தரும் கிருமிகள் பல உணவின் மணத்தையோ ருசியையோ மாற்றுவதில்லை.

(காட்சி: ஆவி பறக்கும் சோற்றுப் பானை.)

சோற்றை எடுங்கள். பசிலஸ் சீரியஸ் என்ற பக்டீரியாவின் வித்துகள் அரிசியில் இருக்கலாம், கொதித்தாலும் அவை தப்பிவிடும். இறக்கிய சோறு வன்னி வெக்கையில் பின்னேரம்வரை கிடந்தால், முளைத்துப் பெருகி நஞ்சை விடும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. இளம் ஆளுக்கு ஒருநாள் வாந்தியோடு முடிவது, 80 வயது ஐயாவை நீரிழப்பில் ஆஸ்பத்திரிவரை கொண்டுபோய்விடும்.

கிருமி வேகமாகப் பெருகுவது 5 முதல் 60 பாகை செல்சியஸ் வரை. ஆகவே சமைத்த உணவை வெளியே 2 மணித்தியாலத்துக்கு மேல் வைக்காதீர்கள். பானையோடு பிரிட்ஜுக்குள் தள்ளினால் நடுப்பகுதி ஆற நெடுநேரமாகும். அகலத் தட்டில் மெல்லிசாகப் பரப்புங்கள்.

இனி லேபிள். ஒரு துண்டு ஒட்டும் ரேப், ஒரு மார்க்கர் போதும். என்ன உணவு, சமைத்த திகதி, நேரம், எப்போது வீச வேண்டும். விழுங்கக் கஷ்டப்படுபவருக்கு மசித்தது என்றால் அவருடைய பெயரும். மூடியில் ஒட்டாதீர்கள், கழுவும்போது மூடிகள் மாறிப்போகும். சமைத்த கறியைப் பிரிட்ஜில் மூன்று நாள் வைக்கலாம் என்பார்கள். முதியோருக்கென்றால் நான் அடுத்த நாளோடு நிறுத்திவிடுவேன்.

(காட்சி: வாசலில் சாப்பாட்டுப் பார்சல்கள்.)

திவசத்துக்கும் பிறந்தநாளுக்கும் இல்லங்களுக்குச் சாப்பாடு கொடுப்பது நம் ஊர் வழக்கம். நல்ல விஷயம்தான். ஆனால் 12 மணிக்கு வந்த பார்சல் விடிய 5 மணிக்கே சமைத்ததாக இருக்கலாம். "எத்தனை மணிக்கு இறக்கினீங்கள்?" என்று கேளுங்கள், கொடுப்பவர் கோவிக்கமாட்டார். லேபிளில் எழுத வேண்டியது அந்த நேரம், பார்சல் வந்த நேரம் அல்ல.

அப்புறம் மின்வெட்டு. கரண்ட் போன நேரத்தைப் பிரிட்ஜ் கதவில் எழுதுங்கள், கதவைத் திறக்காதீர்கள். 4 மணித்தியாலம் தாண்டினால் மீன், இறைச்சி, பால், சமைத்த கறி எல்லாவற்றையும் வீசுங்கள், மனசு கேட்காவிட்டாலும்.