லோக் அதாலத்ல 1,80,000 வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்.. திட்டாம முழுசா கேளுங்க

வணக்கம் மக்களே. இன்னைக்கு ஆரி எம்பிராய்டரி கிடையாது, ஃப்ரேம் கிடையாது, வெறும் வாய்தான். நேத்து சனிக்கிழமை என் ஆக்சிடென்ட் நஷ்டஈடு கேசுக்காக கோர்ட்டுக்குப் போயிட்டு வந்து "1,80,000 தர்றேன்னாங்க, வேண்டாம்னு வந்துட்டேன்"னு ஒத்த வரி போஸ்ட் போட்டேன், அதுக்குக் கீழ வந்த கமெண்ட்டெல்லாம் படிச்சேன். "பேராசை"ன்னு ஒருத்தர். "வர்ற லட்சுமிய எட்டி உதைக்கிற"ன்னு ஒரு அக்கா. ஒரு தம்பி "அக்கா ஹெல்மெட் போட்டிருந்தீங்களா"ன்னு கேக்குறாரு, டேய் தம்பி அந்த உடைஞ்ச ஹெல்மெட்ட வச்சே ரெண்டு நிமிஷம் வீடியோ போட்டேன்டா, பாக்கவே இல்லையா நீ. போட்டிருந்தேன், பக்கிளும் மாட்டியிருந்தேன், அதனாலதான் இங்க உக்காந்து பேசிட்டிருக்கேன்.

புதுசா வந்தவங்களுக்கு மட்டும் சுருக்கமா. போன வருஷம் பிப்ரவரி, அப்பாவோட ஸ்பிளெண்டர்ல ஒரு கஸ்டமருக்கு ப்ளவுஸ் குடுக்கப் போறேன், அண்ணாநகர் பக்கம் ரோட்டோரமா நின்ன கார்ல டிரைவர் சீட்ல இருந்தவரு பின்னாடி பாக்காம கதவ படார்னு தொறந்துட்டாரு. நேரா கதவுல மோதி வலது கைய ஊனி விழுந்தேன். மணிக்கட்டு எலும்பு முறிஞ்சு பிளேட் வச்சிருக்கு, அந்த எக்ஸ்ரேவதான் தம்ப்நெயிலா போட்டு உங்க எல்லாரையும் பயமுறுத்தினேன். எலும்பு சேந்துருச்சு, ஆனா உள்ளங்கைய மேல பாத்தாப்ல திருப்ப முடியல. கோயில்ல தீர்த்தம் குடுத்தா நான் இடது கைய நீட்ட வேண்டியிருக்கு, ஐயர் என்னை ஒரு பார்வை பாக்குறாரு. ஆரி ஊசி பிடிக்கிறவங்களுக்குத் தெரியும், குத்திட்டு ஊசிய லேசா சுத்தி நூல மாட்டி எடுக்கணும், அந்த சுத்துதான் எனக்கு இப்ப வரல. பத்து நிமிஷத்துல கை கடுக்க ஆரம்பிச்சிரும்.

சரி நேத்து மேட்டர். லோக் அதாலத், அதாவது மக்கள் நீதிமன்றம்னா என்னன்னா, ஏற்கனவே ட்ரிப்யூனல்ல, அதாவது விபத்து நஷ்டஈடு கோர்ட்ல, நிக்கிற கேஸ ரெண்டு பக்கமும் உக்காந்து பேசி முடிச்சுக்கலாம். என் கேசு எம்.சி.ஓ.பி., அதாவது மோட்டார் விபத்து நஷ்டஈடு மனுன்னு நம்பராகி நிக்குதுல்ல, அதை அங்க எடுத்தாங்க. பேசி ஒத்துக்கிட்டா அதோட முடிஞ்சது, அதுக்கு மேல அப்பீல் கிடையாது, இத நல்லா மனசுல வச்சுக்கோங்க. ஒத்துக்கலைன்னா கேஸ் பழையபடி கோர்ட்டுக்கே போயிரும், நமக்கு நஷ்டம் ஒண்ணும் இல்ல. அந்தக் காரோட இன்சூரன்ஸ்காரங்க ஒரு பேப்பர நீட்டுனாங்க. ஆஸ்பத்திரி செலவு 1,32,400, கை ஊனத்துக்கு 35,000, வலி, வேதனை, ஆட்டோ, கூட இருந்து பாத்துக்கிட்டது எல்லாத்துக்கும் சேத்து 12,600. மொத்தம் 1,80,000. அந்த 12,600-ல எங்க அம்மா மூணு மாசம் எனக்கு ஊட்டி விட்டதும் அடக்கமாம்!

அந்த 35,000 எப்படி வந்துச்சுன்னு கேளுங்க. கவர்மென்ட் ஆஸ்பத்திரி மெடிக்கல் போர்டுல எனக்கு 20 சதவீதம்னு சர்டிபிகேட் குடுத்திருக்காங்க. இவங்க என்ன சொல்றாங்கன்னா, அது கைக்கு மட்டும் 20, முழு உடம்புக்குக் கணக்குப் போட்டா 7தான் வரும், ஒரு சதவீதத்துக்கு 5,000, ஏழஞ்சு முப்பத்தஞ்சு. ஏங்க, கறிக்கடையில எடை போடுற மாதிரி போடுறீங்களேன்னு வாய் வரைக்கும் வந்துச்சு, என் வக்கீல் அக்கா முழங்கையால இடிச்சாங்க, சும்மா இருந்துட்டேன்.

எனக்கு மாசம் சராசரியா 15,000 வந்துட்டிருந்துச்சு, ஆவணி தை முகூர்த்தத்துல கூட வரும், ஆடியில ஈ ஓட்டுவேன், அதையெல்லாம் கூட்டி வகுத்து 15,000. வருஷத்துக்கு 1,80,000. பாத்தீங்களா, அவங்க குடுக்குறேன்னது மொத்தமே என்னோட ஒரு வருஷ சம்பாத்தியம்! கோர்ட்ல போடுற கணக்கு வேற. சுப்ரீம் கோர்ட் 2009-ல சரளா வர்மா கேஸ்ல வயசுக்கு ஏத்த மாதிரி ஒரு பெருக்கல் பட்டியல் குடுத்திருக்கு, 26-ல இருந்து 30 வயசு வரைக்கும் 17. எனக்கு 28. அப்ப 1,80,000 பெருக்கல் 17, 30,60,000. அதுல 20 சதவீதம்னா 6,12,000. சரி உங்க வழிக்கே வர்றேன், 7-னே வச்சுக்கோங்க, அப்பவும் 2,14,200 வருது, இது சம்பாதிக்கிற சக்தி போனதுக்கு மட்டும், ஆஸ்பத்திரி செலவு தனி, வலி தனி. நாப்பது வயசுக்குக் கீழ சொந்தத் தொழில் பண்றவங்களுக்கு வருங்கால வருமானம்னு 40 சதவீதம் சேக்குறதும் இருக்கு, அத நான் இன்னும் தொடவே இல்ல. நான் பேராசைக்காரியா, சொல்லுங்க.

ஆனா இந்தப் பெருக்கல் கணக்கு எல்லாருக்கும் போட மாட்டாங்க, அங்கதான் சண்டையே. 2010-ல சுப்ரீம் கோர்ட்ல ராஜ்குமார் கேஸ்னு ஒண்ணு, வக்கீல் அக்கா படிச்சுக் காட்டுனாங்க. டாக்டர் குடுக்குற சதவீதம் வேற, பொழப்புல எவ்வளவு போச்சுங்குறது வேறன்னு அதுல இருக்கு. இடது கை போன ஒருத்தர் டிரைவரோ தச்சு வேலை பாக்குறவரோ இருந்தா கிட்டத்தட்ட முழுப் பொழப்பும் போச்சு, அதே ஆளு கவர்மென்ட் ஆபீஸ்ல கிளார்க்னா வேலை அப்படியே இருக்கலாம். கை ஒண்ணுதான், கணக்கு வேற. எனக்கு அதைக் கேட்டதும் கண்ணு கலங்கிருச்சு, ஏன்னா ஒன்றரை வருஷமா எல்லாரும் "அதான் கை இருக்குல்ல, சோறு பிசையிறல்ல"ன்னுதான் சொல்லிட்டிருக்காங்க.

அப்புறம் இருங்க, ஒண்ண விட்டுட்டேன், இது ரொம்ப முக்கியம். முதல் நாள் 108-ல கொண்டு போனப்ப என் கூட வந்தது சித்தப்பா பையன். பதட்டத்துல டூட்டி டாக்டர் என்னாச்சுன்னு கேக்க, "வண்டியில இருந்து விழுந்துட்டா"ன்னு சொல்லி வச்சிருக்கான். ஏ.ஆர். காப்பியில, அதாவது ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்ல, அவன் சொன்னதுதானே எழுதுவாங்க, தானா விழுந்ததா ஏறிருச்சு. கார்ங்குற வார்த்தையே இல்ல! இன்சூரன்ஸ் வக்கீலுக்கு அதுதான் அல்வா, "அம்மா நீங்களேதான் விழுந்திருக்கீங்க"ன்னு. போதாக்குறைக்கு கார்க்காரரு "கேஸ் வேணாம்மா, செலவ நான் பாத்துக்குறேன்"னு 8,000 குடுத்தாரு, நாங்களும் நல்ல மனுசன்னு நம்பி எஃப்.ஐ.ஆர். போட மூணு நாள் ஆக்கிட்டோம். நாலாவது நாள் போன எடுக்கல மனுசன். அப்புறம் அங்க இருந்த பருத்திப்பால் கடை அண்ணன் சாட்சி சொன்னாரு, எதிர்த்த மெடிக்கல் ஷாப் கேமராவுல கதவு தொறக்குறது பதிவாயிருந்துச்சு, கார்க்காரரும் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல குத்தத்த ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டாரு, அதனால தப்பிச்சேன். அந்த அண்ணனுக்கு நான் ஆயுசுக்கும் கஸ்டமர். அதனால ஆஸ்பத்திரிக்குக் கூட போறவங்க எந்த வண்டி, எப்படி அடிச்சுச்சுன்னு தெளிவா சொல்லுங்க, நம்பர் தெரிஞ்சா நம்பரோட சொல்லுங்க.

இப்ப என்னோட வெற்றிக் கதைக்கு வர்றேன். பில்லு! கோர்ட்ல பில் இருந்தாத்தான் காசு, "செலவாச்சுங்க ஐயா"ன்னா நடக்காது. நான் எல்லா பில்லையும் முறுக்கு டப்பால போட்டு பத்திரமா வச்சிருந்தேன், பெருமையா வீடியோல காட்டுனேனே ஞாபகம் இருக்கா. வக்கீல் அக்கா ஃபைல் போட எடுத்துட்டு வான்னாங்க, டப்பாவத் தொறந்தா மெடிக்கல் ஷாப் பில் 38-ம் வெள்ளை வெளேர்னு இருக்கு. ஒரு எழுத்து இல்ல. அந்த வழவழ பேப்பர் இருக்குல்ல, ஏடிஎம் சீட்டு மாதிரி, அது சூட்டுக்கு அழிஞ்சிரும், நான் டப்பாவ அடுப்படி செல்ஃப்ல வச்சிருக்கேன், அறிவு! 11,460 ரூபா பில்லு. உக்காந்து அழுதேன், அம்மா வேற "முறுக்கு டப்பாவ எடுக்காதேன்னு அப்பவே சொன்னேன்"னு அதுக்குத் தனியா திட்டுறாங்க. அப்புறம் கடைக்குப் போனா அந்தப் பையன் இருக்கானே, தங்கம், போன் நம்பரப் போட்டான், தேதி வாரியா 38-ம் வந்து நின்னுச்சு, மறுபடி பிரிண்ட் எடுத்து சீல் வச்சு குடுத்தான். இல்ல இல்ல, 38 இல்ல, 37. ஒண்ணு என் தங்கச்சி அவ நம்பர் குடுத்து வாங்கிருக்கா, அதைத் தேட இன்னொரு இருபது நிமிஷம். ஒரு பைசா வாங்கல அவன். ஆனா கோர்ட் வாசல் ஜெராக்ஸ் கடை இருக்கே, அவன் ஒரு பக்கத்துக்கு 4 ரூபா! எனக்கு 62 பக்கம், மூணு செட், 744 ரூபா அழுதேன். எங்க தெருவுல ஒன்றரை ரூபா, 279-ல முடிஞ்சிருக்கும். மீதி 465 ரூபாய்க்கு ஜரி நூல் எத்தன வாங்கிருப்பேன், இன்னமும் ஆறல எனக்கு. அந்த வழவழ பில்லு வாங்குனா அன்னைக்கே ஜெராக்ஸ் போட்டு வச்சிருங்க, வீட்டுப் பக்கத்துக் கடையில.

வக்கீல் எப்படிப் பிடிச்சேன்னு நிறைய பேர் கேட்டீங்க. ஆஸ்பத்திரி வார்டுலயே ஒரு ஆள் வந்தான், எனக்கு மயக்கம் கூட முழுசா தெளியல, "கேஸ எங்ககிட்ட விட்டுருங்க, செலவே இல்ல, வர்றதுல 30 பர்சென்ட்"ன்னு. பழைய வீடியோல அவன் பேசுற மாதிரி நடிச்சுக் காட்டுனேன்ல, அவன்தான், போன வாரம் கூட போன் பண்றான். வக்கீல்ங்க ஜெயிச்சா இவ்வளவு பங்குன்னு பேசிக்கவே கூடாதுன்னு பார் கவுன்சில் விதியே இருக்கு, அதுல இவன் வக்கீலே கிடையாது, நடுவுல வந்த புரோக்கர். பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் சட்டப்பணிகள் ஆணைக்குழுல இலவசமாவே வக்கீல் தருவாங்க, 15100-க்கு கூப்பிட்டா சொல்லுவாங்க, இது எனக்கு வக்காலத்துல கையெழுத்துப் போட்டு ரெண்டு மாசம் கழிச்சுத்தான் தெரியும். பரவால்ல, எங்க வக்கீல் அக்கா நியாயமான ஃபீஸ்தான் வாங்குறாங்க.

ஆறு மாசக் கணக்கையும் சொல்லிர்றேன். 2022 ஏப்ரல் 1-க்கு அப்புறம் விபத்து நடந்த ஆறு மாசத்துக்குள்ள மனு போடணும்னு சட்டம், அதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்ல கேஸ் நிக்குது, ஆனா நீங்க அதை நம்பி உக்காந்திராதீங்க. நான் நாலாவது மாசம் போட்டேன். மனுவ விபத்து நடந்த ஊர்லயும் போடலாம், நம்ம குடியிருக்குற ஊர்லயும் போடலாம். அப்புறம் தமிழ்நாடு கவர்மென்ட்டோட இன்னுயிர் காப்போம் திட்டம், 2021-ல ஆரம்பிச்சது, விபத்தாகி முதல் 48 மணி நேரம் திட்டத்துல சேந்த பிரைவேட் ஆஸ்பத்திரியிலயும் காசில்லாம பாப்பாங்க. எனக்கு வீக்கம் வத்தட்டும்னு அஞ்சாவது நாள்தான் ஆபரேசன் பண்ணாங்க. என் நேரம்.

கடைசியா, நேத்து நடந்ததுலயே எனக்கு ரத்தம் கொதிச்சது இதுக்குத்தான். இன்சூரன்ஸ் பக்கத்து வக்கீல் சார் செல்ல எடுத்து என் சேனலக் காட்டுறாரு! "ஆறாவது மாசமே ஆரி போட்டு வீடியோ போட்டிருக்காங்க, கை நல்லாத்தான் ஓடுது"ன்னு. அந்த மயில் டிசைன் வீடியோ. மக்களே, அது என் கையா? உங்களுக்குத் தெரியும்ல? நான் வாயால சொல்லச் சொல்ல தங்கச்சி போட்டது அது, முகம் என்னுது, கை அவளுது. அன்னைக்கே ஒரு அக்கா கமெண்ட்ல "கை வேற ஆளு கை மாதிரி இருக்கே, நீ நெயில் பாலிஷே போட மாட்டியே"ன்னு கண்டுபிடிச்சு, நானும் "ஆமாக்கா தங்கச்சி"ன்னு பதில் போட்டேன். அந்த கமெண்ட்டத்தான் இப்ப தேடிட்டிருக்கேன், 900 கமெண்ட் இருக்கு. போட்டது நீங்கன்னா தயவுசெஞ்சு கீழ வந்து ஒரு புள்ளி வச்சுட்டுப் போங்க. அடுத்த வாய்தா 17ஆம் தேதி. அதுக்குள்ள தங்கச்சி அந்த செவப்பு நெயில் பாலிஷோட எடுத்த போட்டோ ஒண்ணாவது கிடைக்கணும், அவ வேற போன மாத்திட்டா. ஏய், உன் பழைய போன் எங்கடி இருக்கு?