திரி பற்றவைத்தது நாய்க்குத் தெரியாது

(வெள்ளவத்தையில் பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

தீபாவளிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. சில வீடுகளில் சீனவெடிக் கட்டு இப்போதே அலுமாரிக்குள் வந்திருக்கும். அதை வாங்காதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. வெடி வெடிக்கும்போது ஒழுங்கையில் நிற்கும் கட்டாக்காலி நாயைப் பிள்ளை எப்படிப் பார்க்கிறது என்பதுதான் என் கவலை.

நாய் வாலைக் கால்களுக்கிடையில் சொருகிக்கொண்டு ஓடும். நாம் சிரிப்போம். பக்கத்தில் நிற்கும் பிள்ளை நம் முகத்தைப் பார்க்கும், அதுவும் சிரிக்கும். பாடம் அங்கேயே முடிந்துவிடுகிறது. பிறகு பள்ளிக்கூடத்தில் ‘விலங்குகளிடம் அன்பு காட்டு’ என்று நூறு தடவை எழுதவைத்தாலும் பிரயோசனம் இல்லை.

சிரிப்பதற்குப் பதில், அந்த நாய் எங்கே போகிறது என்று பிள்ளையோடு சேர்ந்து பாருங்கள். நிறுத்தி வைத்திருக்கும் ஓட்டோவுக்கு அடியில் புகுந்திருக்கும். காது பின்பக்கம் மடிந்து தலையோடு ஒட்டியிருக்கும். வெக்கை இல்லாத இரவிலும் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைக்கும். உடம்பு நடுங்கும். அடிக்கடி உதட்டை நக்கும், கொட்டாவி விடும். கொட்டாவி என்றால் நித்திரை என்றுதான் பிள்ளை நினைக்கும். இந்த நேரத்தில் அது பயத்தின் அடையாளம் என்று ஒருமுறை சொல்லிக்கொடுங்கள். அடுத்த நாயைப் பார்க்கும்போது பிள்ளையே கண்டுபிடிக்கும். இரக்கம் அப்படித்தான் தொடங்குகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அப்புறம் காது. ஒலி ஒரு வினாடியில் எத்தனை தடவை அதிர்கிறது என்பதை ஹேர்ட்ஸ் என்ற அலகால் சொல்வார்கள்; எண் கூடக் கூட ஒலி கீச்சென்று இருக்கும். மனிதக் காதுக்கு ஏறக்குறைய 20,000 ஹேர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாய்க்கு 45,000 வரை கேட்கும், பூனைக்கு அதற்கும் மேலே. ஆனால் காது மட்டும் காரணமில்லை. திரியைப் பற்றவைத்தது நமக்குத் தெரியும், காதைப் பொத்திக்கொள்கிறோம். நாய்க்கு அது தெரியாது. இதை வீட்டிலேயே உணர்த்தலாம். பிள்ளையிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடச் செய்து, பின்னால் நின்று ஒரு சில்வர் தட்டில் கரண்டியால் தட்டுங்கள். எப்போது தட்டுவீர்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். சத்தம் சின்னதாகவே இருக்கட்டும். எப்போது வரும், எப்போது வரும் என்று காத்திருப்பது எப்படி இருந்தது என்று பிறகு கேளுங்கள்.

கடலுக்குள்ளும் இதே கதைதான். தென்னிலங்கையில் மிரிஸ்ஸப் பக்கம் நீலத் திமிங்கிலங்கள் உலாவும் கடல் வழியாகவே பெரிய கப்பல்களும் போகின்றன. திமிங்கிலம் கூப்பிடும் குரலும் கப்பலின் இரைச்சலும் ஏறக்குறைய ஒரே தாழ்ந்த சுருதி. அதனால் இரைச்சலில் குரல் அமுங்கிவிடும். 2001 செப்டம்பரில் அமெரிக்காவில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் சில நாள் கப்பல் போக்குவரத்துக் குறைந்தது. அங்குள்ள திமிங்கிலங்களின் மலத்தை ஆராய்ந்தபோது, அந்த நாள்களில் மன அழுத்த ஹோர்மோன் குறைந்திருந்தது தெரியவந்தது. ஆய்வு 2012இல் வெளியானது. திமிங்கிலத்தின் மலம் என்றதும் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், கதை மறக்காது.

சரி, இந்தத் தீபாவளிக்கு ஒன்று செய்வோம். வெடியை எந்த நேரத்தில், எந்த இடத்தில் கொளுத்துவது என்ற முடிவைப் பிள்ளைகளிடம் விடுங்கள். பக்கத்தில் நின்று கொளுத்தும் பொறுப்பு நம்முடையது. ஒளிந்திருக்கும் நாயை யாரும் வெளியே இழுக்கக்கூடாது. பயந்த நாய் கடிக்கும். நாய் வளர்க்கும் வீடுகளுக்குப் பிள்ளைகளே முதல்நாள் போகட்டும். “அன்ரி, நாளைக்கு ஏழு மணிக்கு வெடி கொளுத்தப் போறம், ரொமியை உள்ளுக்க விடுங்கோ” என்று அவர்கள் வாயாலேயே சொல்லிவிட்டு வரட்டும்.