இரண்டாவது லென்ஸ்: வாங்கும் முன் அறையை அளந்து பாருங்கள்

[திரையில்: மேசைமீது 18-55 லென்ஸ் பொருத்திய கேமரா. பக்கத்தில் ஓர் அளவு நாடா.]

வணக்கம். முதல் கேமரா வாங்கிச் சில மாதங்கள் ஆனதும் எல்லோருக்கும் வரும் கேள்வி ஒன்று உண்டு. "கூடவே வந்த லென்ஸ் போதவில்லை. அடுத்து எதை வாங்கலாம்?" இந்த வீடியோ அந்தக் கேள்விக்காகத்தான். கையில் கேனான் 1500டி அல்லது நிக்கான் டி3500 போன்ற ஒரு கேமரா இருக்கிறது. அதனுடன் வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸ் இருக்கிறது. செலவழிக்க ஏறத்தாழப் பத்தாயிரம் ரூபாய் இருக்கிறது. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு பேசுவோம்.

முதலில், கிட் லென்ஸை மட்டமானது என்று ஒதுக்குபவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். எஃப் எண் என்பது லென்ஸின் துளை அளவு; எண் சிறிதானால் துளை பெரிது. பகல் வெளிச்சத்தில் எஃப் 8 வைத்து எடுத்தால் கோபுரத்துச் சுதைச் சிற்பங்களை அது நன்றாகவே பதிவு செய்யும். அது தடுமாறும் இடங்கள் மூன்று: குறைந்த வெளிச்சம், தொலைவு, மிக நெருக்கம். இரண்டாவது லென்ஸ் இந்த மூன்றில் ஒன்றையாவது தீர்க்க வேண்டும். தீர்க்காவிட்டால் அது பையில் கிடக்கும் கனம்தான்.

உங்களுக்கு எது தேவை என்பது உங்கள் மெமரி கார்டிலேயே இருக்கிறது.

[திரையில்: கணினியில் ஒரு படமும் அதன் விவரப் பட்டியலும். குவிய தூரம், எஃப் எண், ஷட்டர் வேகம், ஐ.எஸ்.ஓ. ஆகியவை ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன.]

ஒவ்வொரு படத்தோடும் இந்த நான்கு எண்களையும் கேமரா எழுதி வைக்கிறது. குவிய தூரம் என்பது லென்ஸின் மி.மீ. எண்; அது கூடக் கூடக் காட்சி குறுகி, தொலைவில் இருப்பது பெரிதாகத் தெரியும். ஷட்டர் வேகம் என்பது ஒளி உள்ளே வரும் நேரம். ஐ.எஸ்.ஓ. என்பது கேமரா ஒளியை உணரும் அளவு; அது ஏற ஏறப் படம் சொரசொரப்பாகும். நன்றாக வந்த படங்களை விடுங்கள். ஏமாற்றம் தந்த படங்களைத் திறந்து பாருங்கள். ஐ.எஸ்.ஓ. 3200, 6400 என்று ஏறி, ஓடும் குழந்தையின் கை கலங்கியிருந்தால் உங்கள் குறை வெளிச்சம். எல்லாப் படமும் 55 மி.மீ.யில் எடுக்கப்பட்டும் பறவை ஒரு புள்ளியாகத் தெரிந்தால் உங்கள் குறை தொலைவு.

வீட்டு விசேஷம், குழந்தைகள், மாலை நேரத்துக் கடைத்தெரு என்று படமெடுக்கும் பலருக்கும் முதலில் வரும் குறை வெளிச்சம்தான். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

[திரையில்: இரண்டு லென்ஸ்களை முன்புறமிருந்து காட்டுகிறோம். ஒன்றில் துளை சிறியது, மற்றொன்றில் அகலமானது.]

18-55 லென்ஸை 55-க்குத் திருப்பினால் அதன் துளை எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் எவ்வளவு கூடுதலாக ஒளியை விடுகிறது? 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து, வரும் விடையை அதே எண்ணால் பெருக்குங்கள். ஒன்பதரைக்கு மேல் வரும். ஏறக்குறைய பத்து மடங்கு ஒளி.

இந்தப் பத்து மடங்கை வைத்து என்ன செய்யலாம் என்று ஒரு மாலை நேரத்து அறையில் பார்ப்போம். மேலே ஒரு எல்.இ.டி. விளக்கு மட்டும் எரிகிறது. கிட் லென்ஸில் எஃப் 5.6, நொடியில் 60-இல் ஒரு பங்கு, ஐ.எஸ்.ஓ. 6400. படம் சொரசொரப்பாக வருகிறது. குழந்தை தலையைத் திருப்பினால் முகமும் கலைகிறது. இங்கே லென்ஸில் உள்ள நடுக்கக் குறைப்பு உதவாது. அது உங்கள் கை நடுக்கத்தை ஈடுகட்டும். குழந்தையின் ஓட்டத்தை நிறுத்தாது. அதே இடத்தில் எஃப் 1.8 வைத்தால் ஷட்டரை 200-இல் ஒரு பங்குக்கு உயர்த்தி, ஐ.எஸ்.ஓ.வையும் 2200 அளவுக்கு இறக்கலாம். முகம் நிற்கும், தோலின் நிறமும் நிற்கும். கையில் சிறிய தொகையே இருக்கும்போது இதைவிடப் பெரிய மாற்றத்தைத் தரும் லென்ஸ் எனக்குத் தெரியாது.

இதற்கு ஒரு விலை உண்டு. துளை அகலும்போது தெளிவாக விழும் ஆழம் சுருங்கும்.

[திரையில்: ஒரு பெண்ணின் முகம், முக்கால் பக்கமாக. ஃபோகஸ் அருகிலுள்ள கண்ணிலிருந்து தோட்டுக்கு நகர்கிறது.]

50 மி.மீ., எஃப் 1.8. எதிரில் இருப்பவர் இரண்டு மீட்டர் தொலைவில் நின்றால் முன்னும் பின்னும் சேர்த்துப் பதினொரு சென்டிமீட்டர்தான் தெளிவு. ஒரு மீட்டருக்கு நெருங்கினால் மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவு. திரையில் பாருங்கள். இமை முடிகளை எண்ணலாம். காதுத் தோடு கரைந்துவிட்டது. அழகுதான், ஆனால் ஃபோகஸ் மூக்கு நுனியில் விழுந்தால் படம் போயிற்று. எந்தப் புள்ளியில் ஃபோகஸ் செய்வது என்பதைக் கேமராவின் விருப்பத்துக்கு விடாதீர்கள். ஒற்றைப் புள்ளியைத் தேர்ந்தெடுத்து, அருகில் உள்ள கண்ணின் மேல் வையுங்கள். தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து உட்கார்ந்திருந்தால் எஃப் 4 வரை மூடுங்கள்.

இனி அளவு நாடாவுக்கு வருவோம். "50 வாங்கு" என்று கடைக்காரரும் சொல்வார், நண்பரும் சொல்வார். நல்ல அறிவுரைதான். ஆனால் நீங்கள் நிற்கும் இடத்தை அவர்கள் பார்த்ததில்லை.

[திரையில்: பத்தடிக்குப் பத்தடி அறையின் வரைபடம். ஒரு சுவரோரம் கேமரா, எதிர்ச் சுவரோரம் ஒருவர்.]

இந்தக் கேமராக்களில் படத்தைப் பதிவு செய்யும் சென்சார் பழைய 35 மி.மீ. ஃபிலிமைவிடச் சிறியது. கேனானில் அதன் நீள்பக்கம் 22.3 மி.மீ. அதனால் 50 மி.மீ. லென்ஸ், ஃபிலிம் கேமராவில் 80 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவுக்குக் குறுகிய காட்சியைத்தான் காட்டும். எதிரில் நிற்பவரின் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் சிறிது இடம் விட்டு, இரண்டு மீட்டர் உயரம் ஃபிரேமுக்குள் வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தாலும் நாலரை மீட்டர் பின்னால் போக வேண்டும். பதினைந்தடி. பத்தடி அறையில் முதுகு சுவரில் முட்டிய பிறகும் தலையிலிருந்து தொடை வரைதான் கிடைக்கும். நாலைந்து பேர் ஒட்டி உட்கார்ந்து இலையில் சாப்பிடுவதை எடுக்கவே முடியாது.

காசு கொடுக்கும் முன் இதைச் சோதித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. கிட் லென்ஸின் ஜூம் வளையத்தை 50-இல் நிறுத்தி, நகராதபடி ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். ஒரு வாரம் அப்படியே எடுங்கள். பிறகு 35-இல் ஒட்டி இன்னொரு வாரம். எந்த வாரத்தில் சுவர் உங்களைத் தடுக்கவில்லையோ, அந்த எண்தான் உங்கள் லென்ஸ். மாடி, முற்றம், தெரு என்று இடம் தாராளமாக இருப்பவர்களுக்கு 50 அருமையாகப் பொருந்தும். வாடகை வீட்டின் சின்ன ஹாலில் குழந்தையை எடுப்பவர்களுக்கு என் பரிந்துரை 35.

[திரையில்: கேனான் 50 மி.மீ. எஸ்.டி.எம்., அருகில் நிக்கான் 35 மி.மீ. டி.எக்ஸ்.]

கேனான்காரர்களுக்கு 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்.டி.எம். 2015-இல் வந்தது. எஸ்.டி.எம். என்பது சத்தம் குறைந்த ஃபோகஸ் மோட்டாரின் பெயர். எடை 160 கிராம்தான். கேமராவோடு பொருந்தும் வளையம் உலோகம். பழையவை விற்கும் இடங்களில் இதற்கு முந்தைய "இரண்டாம் பதிப்பு" நிறையக் கிடைக்கும். அதில் பொருந்தும் வளையம் பிளாஸ்டிக். ஃபோகஸ் செய்யும்போது சத்தம் போடும். படம் நன்றாகத்தான் வரும். ஆனால் வீடியோ எடுக்கும் எண்ணம் இருந்தால் எஸ்.டி.எம். என்று எழுதியிருப்பதையே வாங்குங்கள்.

நிக்கான்காரர்களுக்கு 35 மி.மீ. எஃப் 1.8 டி.எக்ஸ். 2009-இல் வந்தது, 200 கிராம். சிறிய சென்சாருக்கென்றே செய்தது. விலை கேனானின் 50-ஐவிடக் கூடுதல். ஒருவர் பயன்படுத்தியதாக வாங்கினால் நம் தொகைக்குள் அடங்க வாய்ப்பு உண்டு. இது எனக்கு மிகவும் பிடித்த லென்ஸ். நம் வீட்டு அறைகளுக்கு இது சரியான அளவு. கேனான் இந்த விலையில் இப்படி ஒரு 35-ஐத் தரவில்லை; யோங்நுவோ என்ற சீன நிறுவனத்தின் 35 மி.மீ. எஃப் 2 அந்த இடத்தை ஓரளவு நிரப்புகிறது. கேனானின் 24 மி.மீ. எஃப் 2.8 தட்டையானது, அழகானது, 125 கிராம். ஆனால் கிட் லென்ஸ் 24-இல் எஃப் 4 வரை திறக்கும் என்பதை மறக்காதீர்கள். ஒளியில் கிடைக்கும் லாபம் இரண்டு மடங்குதான். சட்டைப்பை அளவு லென்ஸ் வேண்டும் என்பவருக்கு அது சரி; வெளிச்சத்துக்காக வாங்குபவருக்குச் சரியில்லை.

இங்கே நிக்கான்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. டி3000, டி5000 வரிசைக் கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. லென்ஸுக்குள் மோட்டார் இருந்தால்தான் ஃபோகஸ் தானாக நகரும். 50 மி.மீ. எஃப் 1.8 டி என்ற பழைய லென்ஸ் மலிவாகக் கிடைக்கும். உங்கள் கேமராவில் பொருந்தவும் செய்யும். ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் கையால்தான் வளையத்தைத் திருப்ப வேண்டும். பெயரில் ஏ.எஃப்.-எஸ். என்று இருக்கிறதா, வெறும் ஏ.எஃப். என்று இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் ஏ.எஃப். என்றால் அதில் மோட்டார் இல்லை.

மிரர்லெஸ் எனப்படும், உள்ளே பிரதிபலிக்கும் ஆடி இல்லாத புதிய கேனான் ஆர் வரிசைக் கேமரா வைத்திருப்பவர்களுக்கு, ஆர்.எஃப். 50 மி.மீ. எஃப் 1.8 தனியாக வருகிறது. பழைய வகை லென்ஸையும் மாட்டலாம். ஆனால் இடையில் ஓர் அடாப்டர் வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

[திரையில்: வேடந்தாங்கல். ஏரிக்கு நடுவே மரங்களில் நாரைகள். முதலில் 55 மி.மீ., பிறகு 250 மி.மீ.]

அடுத்து தொலைவு. வேடந்தாங்கலில் கரையில் நிற்கிறீர்கள். மரத்தில் ஒரு சங்குவளை நாரை. உயரம் ஏறக்குறைய ஒரு மீட்டர். உங்களிடமிருந்து அறுபது மீட்டர் தள்ளி இருக்கிறது. 6000-க்கு 4000 பிக்சல் கொண்ட படத்தில், 55 மி.மீ.யில் அந்த நாரை 250 பிக்சல் உயரம்கூட வராது. 250 மி.மீ.யில் 1100 பிக்சலைத் தாண்டும். அலகின் மஞ்சளும் இறகின் இளஞ்சிவப்பும் அப்போதுதான் தெரியும்.

இதற்குக் கேனானில் 55-250 எஸ்.டி.எம். நல்ல லென்ஸ். புதிதாக வாங்கினால் நம் தொகையைத் தாண்டும். ஒருவர் பயன்படுத்தியதைத் தேடுங்கள். கேமராவோடு சேர்த்துச் சலுகையில் விற்கப்படும் 75-300 லென்ஸில் நடுக்கக் குறைப்பு இல்லை. 300 என்ற எண்ணைப் பார்த்து அதை எடுத்துவிடாதீர்கள். 250-இல் கையில் பிடித்து எடுக்கும்போது, நடுக்கக் குறைப்பு இல்லையென்றால் ஷட்டர் 400-இல் ஒரு பங்குக்காவது இருக்க வேண்டும். காலை ஏழு மணி வெளிச்சத்தில் தொலைவுக்கான இந்த மலிவு டெலி லென்ஸ்களுக்கு அது எளிதல்ல.

நெருக்கத்துக்குத் தனி மேக்ரோ லென்ஸ் இப்போது வேண்டாம். 50 வாங்கியவர்கள், லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் வெற்று வளையம் ஒன்றை வாங்குங்கள். அதற்குள் கண்ணாடியே கிடையாது. 20 மி.மீ. வளையம் போட்டால் நாலு சென்டிமீட்டருக்கும் குறைவான அகலம் ஃபிரேமை நிறைத்துவிடும். தட்டானின் ஓர் இறக்கை போதும். மின் தொடர்புப் புள்ளிகள் உள்ள வளையமாகப் பாருங்கள். இல்லையென்றால் கேனான் லென்ஸின் துளையை மாற்ற முடியாது.

அகலக் காட்சிக்கு உங்களிடம் 18 மி.மீ. ஏற்கெனவே இருக்கிறது. அது போதவில்லை என்று தோன்றும்வரை 10-18 போன்றவற்றைத் தள்ளிப்போடுங்கள்.

[திரையில்: பழைய லென்ஸ் ஒன்றின் உள்ளே டார்ச் வெளிச்சம். கண்ணாடியின் ஓரத்தில் மெல்லிய நூல்கள்போல் படர்ந்த பூஞ்சை.]

பழையதை வாங்கப் போகிறீர்கள் என்றால் கையில் ஒரு சிறிய டார்ச்சும், உங்கள் கேமராவும், காலியான மெமரி கார்டும் இருக்கட்டும். கடலோர ஊர்களின் ஈரக் காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை எளிதில் பிடிக்கும். லென்ஸின் பின்பக்கம் டார்ச்சை வைத்து, முன்பக்கமிருந்து சாய்வாகப் பாருங்கள். ஒன்றிரண்டு தூசு இருந்தால் படத்தில் தெரியாது, கவலைப்படாதீர்கள். சிலந்தி நூல்போல் கிளை பிரிந்து ஓடினால் அது பூஞ்சை. "துடைத்தால் போய்விடும்" என்பார்கள். உள்ளே இருக்கும் கண்ணாடியைத் துடைக்க லென்ஸையே பிரிக்க வேண்டும். கண்ணாடியின் மேல்பூச்சைப் பூஞ்சை அரித்திருந்தால் துடைத்தும் பயனில்லை. எவ்வளவு மலிவாகத் தந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பிறகு கேமராவில் மாட்டி, அருகிலும் தொலைவிலும் மாற்றி மாற்றி ஃபோகஸ் செய்யுங்கள். தயங்காமல் போய் நிற்க வேண்டும். சுவரில் ஒரு செய்தித்தாளை விரித்து ஒட்டச் சொல்லி, அதற்கு நேர் எதிரே நின்று எஃப் 1.8-இல் ஒன்று, எஃப் 5.6-இல் ஒன்று என்று எடுங்கள். படத்தைப் பெரிதாக்கி நான்கு மூலைகளிலும் உள்ள எழுத்துகளைப் படியுங்கள். 1.8-இல் நான்கு மூலைகளும் ஒரே அளவு மென்மையாக இருந்தால் அது இந்த விலை லென்ஸின் இயல்பு, 5.6-இல் எழுத்துகள் கூர்மையாகிவிடும். ஒரு பக்கத்து மூலைகள் மட்டும் 5.6-இலும் கலங்கியிருந்தால், நேராக நின்று இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். மறுபடியும் அதே பக்கம் கலங்கினால் அந்த லென்ஸ் எப்போதோ கீழே விழுந்து, உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கலாம். அதை வாங்காதீர்கள்.