தங்கவயல் தின்ற ஆறும் காடும்

நண்பர்களே, கோலார் தங்கவயல் பேச்சை எடுத்தாலே எல்லாரும் ஆழத்தைத்தான் சொல்வார்கள். அங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது, அடியில் பாறையைத் தொடவே முடியாது, அப்படிச் சூடு என்று. சரி, உண்மைதான். நான் பேச வந்தது மேலே நடந்ததைப் பற்றி.

1880-இல் லண்டன் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே இறங்கியபோது மைசூர் நேரடியாக வெள்ளைக்காரன் நிர்வாகத்தில் இருந்தது. அடுத்த வருஷமே ராஜ்யத்தை மகாராஜாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், தங்கத்தைக் கொடுக்கவில்லை. அவருக்கு ராயல்டி, அதுவும் நூற்றுக்கு ஐந்து!

ஆரம்பத்தில் எல்லாம் நீராவி இயந்திரம். அதற்கு விறகும் நிலக்கரியும் வேண்டும், உள்ளே பாறை சரியாமல் முட்டுக் கொடுக்க மரம் வேண்டும், இப்படியே காடு கரைந்தது. அப்புறம் 1902-இல் சிவசமுத்திரத்தில் காவிரியை மின்சாரமாக்கி, சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து நேராகச் சுரங்கத்துக்குக் கொண்டுபோனார்கள். பெங்களூர் ஊருக்கே 1905-இல்தான் விளக்கு எரிந்தது என்பதைக் கவனியுங்கள். கோடையில் ஆறு இளைத்தால் மின்சாரமும் இளைக்கும், கம்பெனிக்கோ வருஷம் முழுக்க வேண்டும். கண்ணம்பாடியில் அணை (இன்றைய கிருஷ்ணராஜ சாகர்) கட்ட மைசூர் துடித்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். இன்றைக்கு நாம் போடுகிற காவிரிச் சண்டையில் தங்கவயலுக்கும் ஒரு பங்கு உண்டு, யாரும் சொல்வதில்லை. குடிக்கவும், தங்கப் பாறையை அரைக்கிற மில்லுக்கும் தண்ணீர் பேத்தமங்கலத்திலிருந்து, அதாவது நம் பாலாற்றின் தலைமாட்டிலிருந்து.

ஆட்கள் எங்கிருந்து? பெரும்பாலும் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்துத் தலித் குடும்பங்கள். பஞ்சமும் பண்ணையடிமைத்தனமும் துரத்த வந்தவர்கள். இவர்களைப் பாவப்பட்டவர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது எனக்குச் சம்மதமில்லை. கையில் காசாகக் கூலி, பண்ணையார் முகத்தில் விழிக்க வேண்டாம், அதுவே பெரிய விடுதலை. தலித் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்தம் தங்கவயல் மாரிக்குப்பத்தில் வேர்விட்டதும், அவர் எழுத்துகளைச் சித்தார்த்தா புத்தகசாலை அச்சுப் போட்டுக் காப்பாற்றியதும் இந்த மண்ணில்தான்.

ஆனால் அந்தக் கூலிக்கு விலை நுரையீரல். பாறைத் துளையிடும்போது கிளம்பும் தூசி உள்ளே போய் உட்கார்ந்துவிடும். 1940-களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைச் சோதித்தபோது பத்தில் நாலு பேருக்கு மேல் சிலிகோசிஸ், அதாவது அந்தத் தூசியால் வரும் நுரையீரல் நோய். சுரங்கம் தொடங்கி அறுபது வருஷம் கழித்து எடுத்த கணக்கு இது. அதற்குள் இருமிக்கொண்டே ஊர் திரும்பி இறந்தவர்கள் எந்தக் கணக்கில் வருவார்கள்?

2001-இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண் மட்டும் பதின்மூன்று மேடுகளாக, கோடிக்கணக்கான டன், ஊருக்கு நடுவே நிற்கிறது. காற்றடித்தால் அந்தத் தூசி வீட்டுக்குள்தான் வரும். இப்போது அதே மண்ணில் மிச்சமுள்ள தங்கத்தையும் எடுக்கப் பேச்சு நடக்கிறது. இந்தத் தடவையாவது முதல் பங்கு, மேட்டடியில் குடியிருக்கிற அந்தச் சுரங்கத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு என்று எழுதி வாங்க வேண்டும்.