'டக்' சத்தம் கேட்கிறதா?

நேயர்களுக்கு வணக்கம்.

ஏசி வேலை செய்யவில்லை என்று காரைக் கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் தீர்ப்பையும் கையோடு கொண்டுவருவார்கள். "கேஸ் தீர்ந்துபோச்சு, கொஞ்சம் போட்டு விடுங்க." கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர்வதற்கு? மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. ரப்பர் ஹோஸ் வழியாகப் பல வருடங்களில் துளித்துளியாகக் குறையலாம், அது வேறு. ஒரே மாதத்தில் குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. ஒழுகும் குடத்துக்கு எத்தனை முறை தண்ணீர் ஊற்றுவது?

அதனால் கேஸ் பேச்சைத் தள்ளிவைப்போம். முதலில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து வையுங்கள். உள்ளே ஒருவர் உட்கார்ந்து முதலில் காற்று வீசும் புளோயரைப் போடட்டும், பிறகு ஏசி பட்டனை அழுத்தட்டும். புளோயர் ஓடாவிட்டால் பல கார்களில் கம்ப்ரஸருக்கு, அதாவது கேஸை அழுத்திச் சுற்றவிடும் பம்புக்கு, உத்தரவே போகாது. நீங்கள் பெல்ட்டிலிருந்து தள்ளியே நில்லுங்கள். துப்பட்டா, தொளதொளத்த சட்டைக்கை எதுவும் பக்கத்தில் போகக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் கொள்ளாமல் சுற்றத் தொடங்கும்.

கம்ப்ரஸரின் முகப்பில் பெல்ட் மாட்டிய சக்கரம், அதாவது புல்லி, தெரியும். இன்ஜின் ஓடும் வரை அது சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு "கம்ப்ரஸர் ஓடுதே" என்று ஏமாறுகிறவர்கள் நிறைய. பார்க்க வேண்டியது புல்லிக்கு முன்னால் இருக்கும் வட்டத் தட்டை. பட்டனை அழுத்தியதும் புல்லிக்குப் பின்னால் உள்ள கம்பிச்சுருளுக்கு, அதாவது காயிலுக்கு, 12 வோல்ட் போகும், காயில் காந்தமாகும், தட்டு 'டக்'கென்று புல்லியோடு ஒட்டிக்கொண்டு சுற்றும். இன்ஜின் சத்தமும் ஒரு கணம் தாழ்ந்து எழும். இதுதான் கம்ப்ரஸர் 'எடுக்கிறது' என்பது.

இந்தக் காயிலும் தட்டும் புல்லியும் சேர்ந்ததுதான் கிளட்ச். அது எவ்வளவு பெரிய வசதி என்று நமக்குத் தெரிவதில்லை. 1940-ம் ஆண்டு மாடல் பேக்கார்டு கார்களில் தொழிற்சாலையிலேயே ஏசி பொருத்தி விற்றார்கள். அதில் கிளட்ச் கிடையாது. குளிர் வேண்டாம் என்றால் இன்ஜினை நிறுத்தி, கீழே இறங்கி, பெல்ட்டைக் கழற்ற வேண்டும்!

சரி, தட்டு அசையவே இல்லை. கம்ப்ரஸர் போய்விட்டது என்று அர்த்தமா? அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு காவல்காரன் அதைத் தடுத்து வைத்திருக்கிறான். கேஸ் மிகவும் குறைந்தால் பிரஷர் ஸ்விட்ச் தடுக்கும். கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரின் ஃபேன் ஓடாமல் அழுத்தம் எகிறினாலும் தடுக்கும். காருக்குள் வரும் காற்றைக் குளிர வைக்கும் கூலிங் காயில் (இது வேறு காயில்) பனி கட்டும் அளவுக்குக் குளிர்ந்தால் அங்குள்ள சென்சார் நிறுத்தும். இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடானால் கம்ப்யூட்டரே நிறுத்திவிடும்.

தொழிலுக்கு வந்த புதிதில் இந்தக் காவல்காரனை நான் ஏமாற்றியிருக்கிறேன். கேஸ் குறைந்த ஒரு வண்டியில் பிரஷர் ஸ்விட்ச் பிளக்கைக் கழற்றி, துண்டு வயரால் இரண்டு முனையையும் இணைத்து 'டைரக்ட்' கொடுத்தேன். தட்டு டக்கென்று பிடித்தது. வண்டிக்காரரும் சந்தோஷமாகப் போனார். சில நாளில் கம்ப்ரஸர் ஜாம் ஆகி வண்டி திரும்பி வந்தது. கழற்றிக் கவிழ்த்தேன், கறுத்துப்போன எண்ணெயில் அலுமினியத் துகள் மினுமினுத்தது. கம்ப்ரஸருக்கு வேண்டிய எண்ணெய் கேஸோடு சேர்ந்துதான் குழாய்க்குள் சுற்றி வருகிறது. கேஸ் இல்லாத இடத்தில் எண்ணெய் எப்படி வரும்? அந்தத் துகள் கண்டென்சருக்குள்ளும் போய் அடைத்துக்கொண்டதால் அதையும் மாற்ற வேண்டியிருந்தது.

நீங்களே பார்க்கக்கூடியது ஃப்யூஸும், கம்ப்ரஸருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் குட்டி ஸ்விட்சான ரிலேயும். இன்ஜினை அணைத்துவிட்டு ஃப்யூஸ் பெட்டி மூடியின் உள்பக்கப் படத்தைப் பாருங்கள். ஹாரன் ரிலேயின் எண்ணும் ஏசி ரிலேயின் எண்ணும் ஒன்றாக இருந்தால் இடம் மாற்றிப் போடலாம். ஏசி எடுத்து, ஹாரன் ஊமையானால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான். மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தவர்கள் ஏசியைப் போட்டபடி கம்ப்ரஸர் பிளக்கில் மின்சாரம் வருகிறதா என்று பார்க்கலாம். வந்தும் தட்டு ஒட்டாவிட்டால் கோளாறு காயில், தட்டு, எர்த் இந்த மூன்றில் ஒன்றில். காயிலின் மின்தடை பொதுவாக 3 முதல் 5 ஓம் இருக்கும். மீட்டர் ஓம் கணக்கு எதுவும் காட்டாமல் 'OL' என்று நின்றால் காயில் அறுந்திருக்கிறது.

கேஸ் குழாயை மட்டும் நீங்களாக அவிழ்க்காதீர்கள். ஆர் 134ஏ கேஸ் வெளிக்காற்றில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிக்கிற சரக்கு. கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. இன்னொன்று, நிற்கும் காரில் மீட்டரை மாட்டி அழுத்தம் பார்த்துவிட்டு "கேஸ் ஃபுல்" என்று சொல்வதை நம்பாதீர்கள். 30 டிகிரி வெப்பத்தில் அது 97 பிஎஸ்ஐ அளவில் நிற்கும். உள்ளே அழுத்தத்தில் திரவமாகிக் கிடக்கும் கேஸ் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் அதே 97, முழுதாக இருந்தாலும் அதே 97. இருப்பதை இயந்திரத்தால் உறிஞ்சி எடுத்து, எடை பார்த்து, பானெட்டுக்கு அடியில் ஒட்டியுள்ள ஸ்டிக்கர் சொல்லும் கிராம் கணக்கில் திரும்ப ஏற்றுவதுதான் சரியான வேலை.

இப்போது வரும் சில கார்களில் கிளட்சே இல்லை. கம்ப்ரஸர் எப்போதும் சுற்றும், உள்ளே ஒரு வால்வு மட்டும் அளவைக் கூட்டிக் குறைக்கும். அங்கே 'டக்'கைத் தேடிக் காது கொடுத்துக்கொண்டிருந்தால் பொழுதுதான் போகும். காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் மாட்டித்தான் பார்க்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த கோளாறு ஒன்று உண்டு. காலையில் ஏசி ஜில்லென்று வரும். ஒரு மணி நேரம் ஓடிய பிறகு ஒரு சிக்னலில் நின்று கிளம்பினால் எடுக்காது. ஆற விட்டால் மறுபடி எடுக்கும். கேஸும் சரி, ரிலேயும் சரி. தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இடைவெளி இருக்க வேண்டும். வருடக்கணக்கில் தேய்ந்து அது அகன்றிருக்கும். காயில் சூடானால் மின்தடை கூடிக் காந்த பலம் குறையும். அகன்ற இடைவெளியைத் தாண்டித் தட்டை இழுக்க அதற்குத் தெம்பு இருக்காது. பல கம்ப்ரஸர்களில் தட்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் மெல்லிய வாஷர்களில் ஒன்றை எடுத்துவிட்டால் போதும். ஆகவே மெக்கானிக்கிடம் போகும்போது "கேஸ் போடுங்க" என்பதற்குப் பதில், "சூடானால் விட்டுவிடுகிறது" என்றோ "காலையிலிருந்தே எடுக்கவில்லை" என்றோ சொல்லிப் பாருங்கள். அவர் கை நேராக எங்கே போக வேண்டுமோ அங்கே போகும்.

நன்றி, வணக்கம்.